வணிகவியல்: நம் ஊருக்கு உரிய பாடம்

(மகாவீரர் பிறந்தநாள் விழாவையொட்டி நடைபெற்ற மாணவர் பரிசளிப்பு நிகழ்ச்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பத்தாம் வகுப்பை முடித்து மேல்நிலை வகுப்பில் காலடி வைக்கவிருக்கும் பிள்ளைகளுக்குப் பயன்படும் வகையில் ஏதேனும் பேச வேண்டும் என்று அறக்கட்டளையினர் என்னைப் பணித்தார்கள். வணிகவியலைப் பற்றிப் பேசுகிறேன் என்றேன். தமிழ் படித்தவனுக்கும் வணிகவியலுக்கும் என்ன உறவு என்று அவர்கள் சற்றே வியந்திருக்கக் கூடும். உறவு உண்டு. மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியர் அறிவியல் பிரிவுக்கு மட்டுமே செல்வார். கணக்குப்பதிவியல் ஆசிரியர் வணிகப் பிரிவுக்கு மட்டுமே செல்வார். மொழியாசிரியரோ எல்லாப் பிரிவு வகுப்புகளின் வாயிலையும் மிதிக்கிறவர். முப்பத்து மூன்று ஆண்டுகள் அவ்வாறு வகுப்புக்கு வகுப்பு நடந்த காரணத்தால், எந்தப் பிரிவில் எந்தப் பிள்ளை எத்தகைய மனநிலையோடு அமர்ந்திருக்கிறது என்பதைக் காணும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது.

ஒவ்வோர் ஆண்டும் பதினோராம் வகுப்பு தொடங்கும் நாள்களில், மாணவர்களின் பெயரையும் அவர்கள் எடுத்துள்ள பிரிவையும் கேட்பது என் வழக்கம். முதற் பிரிவு மாணவன் எழுந்து நின்று உரத்த குரலில், "பர்ஸ்ட் குரூப் ஐயா" என்பான். வணிகப் பிரிவு மாணவன் பாதி எழுந்து, "காமர்ஸ்தாங்க ஐயா" என்பான். அந்தத் 'தான்' என்னும் இடைச்சொல்லே இன்றைய என் பேச்சுக்கு வித்து. தேற்றப் பொருளில் வரும்போது அது உறுதியைக் காட்டும். இங்கே அந்தப் பிள்ளை அதைத் தாழ்வுப் பொருளில் ஆள்கிறது. வேறு எதுவும் கிடைக்காததால் இங்கே வந்தேன் என்னும் முழு வாக்கியத்தையும் அந்த ஓர் அசையில் அடக்கிவிடுகிறது. இலக்கண நூல் எதுவும் கற்பிக்காத இந்தப் பொருளை அப்பிள்ளைக்குக் கற்பித்தவர்கள் நாம்தாம்.

இதே நிலை வேறு ஊரில் இருந்தால் ஒருவேளை நான் இவ்வளவு வருந்த மாட்டேன். போடிநாயக்கனூர் வணிகத்தால் வாழும் ஊர். மேற்கே மலை, கிழக்கே சமவெளி. மலையில் விளைவது இங்கே இறங்குகிறது. சமவெளியில் விளைவது இங்கிருந்து ஏறுகிறது. பதினேழு கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து போடிமெட்டு வழியாக வரும் ஏலக்காயும் மிளகும், குரங்கணி, கொட்டகுடிச் சரிவுகளின் காப்பியும், அடிவாரத்து இலவம்பஞ்சும் மாங்காயும் இவ்வூருக்குச் சோறு போடுகின்றன. 1928ஆம் ஆண்டில் மதுரையிலிருந்து போடிக்கு இருப்புப்பாதை போடப்பட்டதற்கும் இம்மலைச் சரக்குக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. அகலப்பாதை ஆக்குவதற்காக நிறுத்தப்பட்ட இரயில், 2023ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் மீண்டும் போடி நிலையத்திற்கு வந்தபோது ஊரே திரண்டு நின்று வரவேற்றதை நாம் அனைவரும் அறிவோம். இத்தகைய ஊரில் வணிகவியல் என்னும் பாடம் வகுப்பறையின் கடைசி இருக்கையில் கூனிக் குறுகி அமர்ந்திருப்பது முறையாகுமா?

மாணவச் செல்வங்களே, உங்கள் வணிகவியல் நூலையும் நம் ஊர் ஏல மையத்தையும் அருகருகே வைத்துப் பார்ப்போம். நறுமணப் பொருள்கள் வாரியத்தின் மின்னணு ஏலம் நம் ஊரில் 2007ஆம் ஆண்டு முதல் நடக்கிறது. கேரளத்தின் இடுக்கி மாவட்டத்துப் புற்றடியில் இதைப் போன்ற மற்றொரு மையம் உள்ளது. தோட்டக்காரர் தம் காயை ஏலம் நடத்தும் நிறுவனத்திடம் ஒப்படைக்கிறார். காய் அவருடையது, விற்றுத் தருபவர் வேறொருவர். உங்கள் நூலில் முகவர் என்றும் முதல்வர் என்றும் படிக்கிறீர்களே, அந்த உறவு இதுதான். ஏலம் நடத்துபவரும், ஏலத்தில் வாங்குபவரும் உரிமம் பெற்றிருக்க வேண்டும் என்று 1987ஆம் ஆண்டின் ஏலக்காய் உரிம, விற்பனை விதிகள் கூறுகின்றன. வணிகச் சூழல் என்னும் பாடத்தில் சட்டச் சூழல் என்று வருவது இது. குவியலுக்கு ஓர் எண் கொடுத்து, மாதிரிக் காயைத் தட்டில் இட்டு, பருமனையும் நிறத்தையும் பார்த்து வணிகர்கள் விலை கேட்கிறார்கள். தரப்படுத்துதல் என்னும் பாடம் அங்கே எட்டு மில்லிமீட்டர், ஏழு மில்லிமீட்டர் என்னும் சல்லடைக் கண்களில் இருக்கிறது. கேரளத்திலிருந்து தமிழ்நாட்டு வணிகருக்குச் சரக்கு வந்தால் ஒருங்கிணைந்த சரக்கு, சேவை வரி. போடிக்குள்ளேயே கைமாறினால் மைய வரியும் மாநில வரியும் சரிபாதி. எல்லைக்கோடு நம் தலைக்கு மேலே மலை முகட்டில் ஓடுவதால், சென்னை மாணவன் மனப்பாடம் செய்ய வேண்டிய இந்தப் பாடத்தை நீங்கள் வீட்டு வாசலில் நின்றே விளங்கிக் கொள்ளலாம்.

இனி, இப்பாடம் ஏன் பிழைப்புக்கே இன்றியமையாதது என்பதைச் சொல்கிறேன். 2018ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்தில் மலைத் தோட்டங்கள் பாழாயின. விளைச்சல் குறைந்தது. 2019 ஆகஸ்டு மாதத்தில் உயர்தரக் காய் ஏலத்தில் கிலோ 7,000 ரூபாய் வரை போயிற்று. இந்த விலை நிலைக்கும் என்று நம்பித் தோட்டத்தைக் குத்தகைக்கு எடுத்தவர்கள் பலர். நகையை அடகு வைத்துச் செடி நட்டவர்கள் பலர். ஏலச்செடி நட்ட மூன்றாம் ஆண்டில்தான் முறையாகப் பலன் தரும். அந்த மூன்றாம் ஆண்டு வந்தபோது, 2022இல், சராசரி ஏல விலை 1,000 ரூபாய்க்கும் கீழே கிடந்தது. உலகச் சந்தையில் குவாத்தமாலா என்னும் நடு அமெரிக்க நாடு நம்மைவிட மிகுதியாக ஏலக்காய் விளைவித்து விற்கிறது என்பதையும், அங்கே விளைச்சல் கூடினால் இங்கே விலை இறங்கும் என்பதையும் அறியாமலே பலர் கடன் வாங்கினார்கள். அளிப்பு, தேவை, வணிக இடர் என்று பொருளியல் நூலில் மூன்று சொற்களாக இருப்பவை மலையடிவாரத்துக் குடும்பங்களில் மூன்று ஆண்டுத் துயரமாக இருந்தன. படித்திருந்தால் விலை வீழாமல் இருந்திருக்குமா என்று கேட்பீர்கள். வீழ்ந்தே இருக்கும். ஆயினும், எவ்வளவு கடன் தாங்கும், எந்த விலைக்குக் கீழே போனால் நட்டம் என்று முன்கூட்டியே கணக்கிட்டுப் பார்க்கும் பழக்கம் சில குடும்பங்களையாவது காத்திருக்கும்.

பன்னிரண்டாம் வகுப்புக் கணக்குப்பதிவியலின் முதல் பாடம் 'முழுமை பெறா பதிவேடுகளிலிருந்து கணக்குகள்' என்பது. முறையாகக் கணக்கு எழுதாத சிறு வணிகரின் இலாபத்தை எவ்வாறு கண்டறிவது என்பதே அதன் பொருள். ஓர் எடுத்துக்காட்டுச் சொல்கிறேன். ஆண்டுத் தொடக்கத்தில் ஒருவருடைய முதல் 3,00,000 ரூபாய். ஆண்டு இறுதியில் கடன்கள் போக அது 3,40,000 ரூபாய். இவ்வாண்டு நாற்பதாயிரம் மிஞ்சியது என்று அவர் நினைக்கிறார். ஆனால் வீட்டுச் செலவுக்காகக் கல்லாவிலிருந்து 1,20,000 எடுத்திருக்கிறார். இடையில் ஊரிலிருந்த மனையை விற்று 50,000 போட்டிருக்கிறார். இறுதி முதலோடு எடுப்பைக் கூட்டி, புதிதாகப் போட்டதையும் தொடக்க முதலையும் கழித்தால், அவர் உண்மையில் ஈட்டிய இலாபம் 1,10,000 ரூபாய். கடை தமக்கு என்ன தந்தது, தாம் கடையிலிருந்து என்ன எடுத்தோம் என்பதை அப்போதுதான் அவர் பிரித்தறிகிறார். உரிமையாளர் வேறு, வணிகம் வேறு என்னும் கருத்தைப் பாடநூல் வணிகத் தனித்தன்மை என்கிறது. இவ்வொரு கருத்தை உள்வாங்கிய குடும்பத்தில், திருமணச் செலவுக்காகக் கடை மூழ்கும் நிலை எளிதில் வராது.

சில ஆண்டுகளுக்கு முன் வணிகப் பிரிவில் பயின்ற ஒரு மாணவியின் செய்தியை இங்கே சொல்ல வேண்டும். அவள் தாய் ஏலக்காய்க் கிடங்கில் தரம் பிரிக்கும் பணி செய்பவர். தாத்தாவுக்கு மலைச்சரிவில் சிறு காப்பித் தோட்டம் இருந்தது. விளைச்சலை ஒரு கடையில் போடுவார்; தேவைப்படும்போது அங்கேயே முன்பணம் வாங்குவார். ஆண்டு முடிவில் கடையில் தரும் கணக்குச் சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக் கொள்வதோடு சரி. அவ்வாண்டு அந்தச் சீட்டைப் பேத்தி வாங்கிப் படித்தாள். வாங்கிய கடன் 20,000. அதில் 8,000 முன்பே திருப்பித் தரப்பட்டிருந்தது. வட்டியோ முழுத் தொகைக்கும் போடப்பட்டிருந்தது. நூற்றுக்கு மாதம் ஒன்றரை ரூபாய் வீதம், எட்டாயிரத்துக்கு ஓராண்டு வட்டி 1,440 ரூபாய் மிகையாகப் பிடிக்கப்பட்டிருப்பதை அவள் கண்டாள். தாத்தாவை அழைத்துக்கொண்டு கடைக்குச் சென்றாள். கணக்கர் ஏட்டைப் புரட்டிப் பார்த்தார். தொகை நாளேட்டில் வரவாகியிருந்தது. பேரேட்டில் எடுத்தெழுதப்படாமல் விடுபட்டிருந்தது. கடைக்காரர் ஒரு சொல்லும் மறுக்காமல் பணத்தைத் திருப்பிக் கொடுத்தாராம். மறுநாள் வகுப்பில் அவள் என்னிடம் இதைச் சொன்னபோது, வீடு திரும்பும் வழியில் தாத்தா கூறியதையும் சொன்னாள்: "அம்பது வருசமா அவுக சொல்றதுதான் கணக்கு. நமக்கும் ஒரு கணக்கு இருக்குன்னு இன்னைக்குத்தான் தாயி தெரியுது."

அவையோரே, இதில் வஞ்சகர் எவரும் இல்லை என்பதைக் கவனியுங்கள். ஏட்டில் நேர்ந்த பிழை அது. அந்தப் பிழையைக் காணும் கண் ஒரு பக்கத்தாருக்கு மட்டும் இருந்ததுதான் குறை. இரு பக்கத்தாரும் கணக்கு அறிந்திருந்தால் வணிகத்தில் ஐயம் குறையும், உறவு நீடிக்கும். எனவே இப்பாடம் கடைக்காரர் பிள்ளைக்கு எவ்வளவு தேவையோ, காய் பொறுக்கும் தாயின் பிள்ளைக்கு அதைவிடச் சற்று மிகுதியாகவே தேவை.

கடை வைத்திருக்கும் குடும்பங்களில் வேறு ஓர் எண்ணம் உண்டு. "கல்லாவில் உட்கார்ந்தால் தானாக வந்துவிடும், இதைப் பள்ளியில் படிக்க என்ன இருக்கிறது?" என்பார்கள். அனுபவத்தின் பெருமையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அண்ணன் தம்பியராய், நண்பர்களாய்ச் சேர்ந்து தொழில் நடத்தும் எத்தனை பேரிடம் எழுத்து வடிவில் கூட்டாண்மை ஒப்பந்தம் இருக்கிறது? 1932ஆம் ஆண்டின் இந்தியக் கூட்டாண்மைச் சட்டம், ஒப்பந்தம் இல்லாதபோது இலாப நட்டத்தைக் கூட்டாளிகள் சமமாகப் பகிர வேண்டும் என்கிறது. ஒருவர் பத்து இலட்சமும் மற்றவர் இரண்டு இலட்சமும் முதல் போட்டிருந்தாலும் பங்கு சமம். முதலுக்கு வட்டி கிடையாது. முதலுக்கு மேல் கடனாகக் கொடுத்த தொகைக்கு மட்டும் ஆண்டுக்கு 6 விழுக்காடு வட்டி உண்டு. பதிவு செய்யப்படாத கூட்டாண்மை, பிறர்மீது தன் ஒப்பந்த உரிமைக்காக வழக்குத் தொடுக்க இயலாது. தந்தையார் காலமான பிறகு சிற்றப்பன் மக்களோடு நீதிமன்றப் படி ஏறும் குடும்பங்களுக்கு, இந்த நான்கு வரிகள் முன்பே தெரிந்திருந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும்! பதினேழு வயதுப் பிள்ளை பாடமாகப் படிப்பதை ஐம்பது வயதுத் தந்தை ஒருநாள் மாலை உட்கார்ந்து கேட்டால் குடும்பத்திற்கே நன்மை.

ஒரு தமிழாசிரியன் என்ற முறையில் இப்பாடத்தின் சொற்களைப் பற்றியும் சிறிது சொல்ல விரும்புகிறேன். நாளேடு, பேரேடு, பற்று, வரவு, இருப்பு என்பன மொழிபெயர்ப்பாளர் மேசையில் பிறந்த சொற்கள் அல்ல. நம் கடைத்தெருவில் வழங்கியவை. பர்மா, மலேயா, இலங்கை வரை சென்று கொண்டுவிற்ற நகரத்தார் தங்கள் கணக்கின் முடிவை ஐந்தொகை என்றனர். வடநாட்டிலிருந்து வந்து தமிழகத்து ஊர்களில் வேரூன்றிய வணிகக் குடும்பங்கள் தீபாவளித் திருநாளில் புதுக்கணக்கு எழுதும் வழக்கத்தை இன்றும் போற்றுகின்றன. சமணர்க்கு அந்நாள் மகாவீரர் நிர்வாணம் எய்திய நாள் என்பதும், அன்றே கணக்கு ஏடும் புதிதாகத் திறக்கப்படுகிறது என்பதும் எண்ணத்தக்கவை. இரட்டைப் பதிவு முறையை 1494ஆம் ஆண்டில் அச்சு நூலில் விளக்கியவர் லூக்கா பசியோலி என்னும் இத்தாலியத் துறவி. அந்நூல் அச்சான வெனிசு நகரம், நம் மேற்கு மலைகளின் மிளகு அரபு வணிகர் கைமாறிப் போய்ச் சேர்ந்து, அங்கிருந்து ஐரோப்பா முழுவதும் பரவிய நகரம். கணக்கு நூலும் மலைச்சரக்கும் அன்றே ஒரே சந்தையில் சந்தித்திருக்கின்றன. பெறுபவர் கணக்கில் பற்று என்பது அடிப்படை விதி. பற்று என்னும் சொல்லுக்குத் தமிழில் பிணிப்பு என்றும் பொருள் உண்டு. வாங்கியவர் கட்டுண்டவர், தீர்க்கும் வரை அவர் விடுபட்டவர் ஆகார். இந்தப் பொருளாழத்தோடு கற்பித்தால் எந்தப் பிள்ளைக்குத்தான் கணக்குப்பதிவியல் கசக்கும்?

பதினோராம் வகுப்பு நூலில் வணிக நன்னெறி என்றொரு பாடம் உள்ளது. தேர்வுக்கு வராது என்று பலர் தள்ளிவிடும் பாடம் அது. இந்த அவையில் அதைத் தள்ளிவிட்டுப் பேச இயலுமா? தத்துவார்த்த சூத்திரத்தில் உமாசுவாதி, திருடாமை என்னும் நோன்புக்கு வரும் குற்றங்கள் ஐந்தினை எண்ணிக் கூறுகிறார். திருடத் தூண்டுதல், திருட்டுப் பொருளை வாங்குதல், அரசின் விதிகளை மீறுதல், அளவிலும் நிறையிலும் கூட்டிக் குறைத்தல், போலியைக் கலந்து விற்றல் ஆகியன அவை. இவற்றுள் பெரும்பாலானவை சந்தையில் நிகழக் கூடியவை என்பதைப் பாருங்கள். இல்லறத்தாருக்குச் சொன்ன அறம் தராசின் முன்னே வந்து நிற்கிறது. வள்ளுவரும் நடுவு நிலைமை என்னும் அதிகாரத்தைக் கட்டி முடிக்கும் இடத்தில் வணிகரைத்தான் நினைக்கிறார். இன்றைக்கு இதன் பொருள் என்ன? காயின் பச்சை நிறத்தைக் கூட்டச் செயற்கைச் சாயம் ஏற்றலாகாது என்று நறுமணப் பொருள்கள் வாரியம் எச்சரிக்கிறது. பூச்சிக்கொல்லி எச்சம் இருப்பதாகச் சொல்லி வெளிநாட்டு வாங்குவோர் நம் காயை ஒதுக்கிய காலமும் உண்டு. ஒருவர் செய்யும் கலப்படம் ஊரின் பெயர் எழுதிய மூட்டைகள் அனைத்தையும் கெடுக்கிறது. கணக்குப்பதிவியலில் நற்பெயருக்கு விலை மதிப்பிடும் கணக்கு ஒன்று உண்டு. சராசரி இலாபத்தை இத்தனை ஆண்டுகளால் பெருக்கு என்று பிள்ளைகள் போடுவார்கள். அந்தப் பெயர் எப்படி ஈட்டப்படுகிறது என்பதற்கு விடை, அவர்கள் தள்ளிவிட்ட நன்னெறிப் பாடத்தில் இருக்கிறது.

வணிகன் என்று சொல்லிக் கொள்வதில் நம் முன்னோர்க்குக் கூச்சம் இருந்ததில்லை. மதுரையை அடுத்த மாங்குளத்து மலைக்குகையில் ஏறத்தாழ 2,200 ஆண்டுகளுக்கு முற்பட்ட தமிழ் பிராமிக் கல்வெட்டுகள் உள்ளன. சமண முனிவர்க்கு உறைவிடம் அமைத்துக் கொடுத்தோருள் வெள்ளறை என்னும் ஊரின் வணிகக் குழுவினரும் இருந்தனர் என்பதை அவை காட்டுகின்றன. அழகர்மலைக் குகையில் கொடையாளர்கள் தங்கள் பெயரோடு தொழிலையும் சேர்த்தே பொறித்திருக்கின்றனர்: உப்பு வணிகன், அறுவை வணிகன், கொழு வணிகன். அறுவை என்றால் துணி. கொழு என்றால் கலப்பையின் இரும்பு. மதுரைக்கு ஏன் போக வேண்டும்? நமக்கு அருகிலுள்ள உத்தமபாளையத்துப் பாறையிலேயே தீர்த்தங்கரர் திருவுருவங்கள் வரிசையாக அமர்ந்திருக்கின்றன. அச்சணந்தி முனிவரின் பெயரை வட்டெழுத்தில் காணலாம். உப்பு விற்றவன் தன் பெயருக்கு முன்னே தன் வணிகத்தைக் கல்லில் வெட்டி வைத்தான். இரண்டாயிரம் ஆண்டு கழித்து அவன் வழியில் வந்த பிள்ளை "காமர்ஸ்தாங்க ஐயா" என்று தலை குனிகிறது.

வணிகக் கல்வியும் அறக்கட்டளையும் இந்நாட்டில் முதலிலிருந்தே உடன்பிறந்தவை. பச்சையப்ப முதலியார் சென்னையில் பெரும்பொருள் ஈட்டிய வணிகர். 1794ஆம் ஆண்டில் மறைந்தவர். பெரும்பாலும் கோயில் அறங்களுக்காக அவர் எழுதி வைத்த செல்வம், நிறைவேற்றுவோர் முறையாக நடத்தாததால் நெடுங்காலம் முடங்கிக் கிடந்தது. நீதிமன்றம் தலையிட்டுக் கணக்குக் கேட்ட பிறகே சேர்ந்திருந்த தொகை வெளிப்பட்டது. அதன் உபரியிலிருந்து 1842இல் சென்னையில் பள்ளி எழுந்தது. அதே அறக்கட்டளை 1886இல் தொடங்கிய வணிகப் பள்ளியே இந்தியாவில் முறையான வணிகக் கல்வியின் தொடக்கம் என்று கூறுவர். கணக்குக் காட்டப்படாமல் கிடந்த பணம் ஏறத்தாழ அரை நூற்றாண்டு யாருக்கும் கல்வி தரவில்லை. கணக்கு வெளிச்சத்துக்கு வந்ததும் தலைமுறை தலைமுறையாகப் படிப்பித்தது. இந்த மலரின் பக்கங்களிலும் நம் அறக்கட்டளையின் ஆண்டு வரவு செலவு அச்சாகியிருக்கும். மாணவர்களே, அதைப் புரட்டிவிட்டுப் போகாதீர்கள். 'இலாப நோக்கற்ற அமைப்புகளின் கணக்குகள்' என்னும் உங்கள் பாடத்திற்கு அதைவிட நல்ல பயிற்சித்தாள் கிடைக்காது.

தமிழ்நாட்டில் மேல்நிலைக் கல்வி 1978ஆம் ஆண்டில் தொடங்கிய காலந்தொட்டு வணிகவியல் பள்ளிப் பாடமாக இருந்து வருகிறது. ஆனால் அது படிக்கப்படும் விதத்தில் எனக்கு நிறைவில்லை. மேலாண்மையின் பதினான்கு கொள்கைகளையும் ஒரே மூச்சில் ஒப்பிக்கும் மாணவனுக்கு வங்கிப் பணம் செலுத்தும் சீட்டை நிரப்பத் தெரியவில்லை. மாற்றுச்சீட்டின் இலக்கணத்தை எழுதி முழு மதிப்பெண் வாங்கிய மாணவி, காசோலை ஒன்றை ஒரு முறையும் கையில் தொட்டதில்லை. இதற்கு ஆசிரியர்களை மட்டும் குறை கூறுதல் தகாது. இயற்பியலுக்கு ஆய்வுக்கூடம் உண்டு. வேதியியலுக்கு ஆய்வுக்கூடம் உண்டு. வணிகவியலுக்கு ஆய்வுக்கூடம் எங்கே? நம் ஊரில் அது பெரிய கடைத்தெருவாக, கிடங்குகளாக, ஏல மையமாகப் பரந்து கிடக்கிறது. அதன் கதவுதான் பிள்ளைகளுக்குத் திறக்கப்படவில்லை.

மாணவச் செல்வங்களே, இன்னும் சில வாரங்களில் உங்கள் தேர்வு முடிவுகள் வந்துவிடும். அறிவியலில் நாட்டம் உள்ளவர்கள் தயங்காமல் அதை எடுங்கள். வணிகவியலை எடுப்பவர்கள் விரும்பி எடுங்கள். கணக்குப் பாடத்திலிருந்து தப்பிக்கும் வழி என்று எண்ணி இங்கே வராதீர்கள்; இங்கே நாள்தோறும் கணக்குத்தான். இயலுமானால் வணிகக் கணிதமும் சேர்ந்த பிரிவையே தேர்ந்தெடுங்கள். பட்டயக் கணக்கர் படிப்புக்கும், செலவுக் கணக்கர் படிப்புக்கும், புள்ளியியல் கல்விக்கும் அது துணை நிற்கும். பட்டயக் கணக்கர் படிப்பின் அடித்தளத் தேர்வைப் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவுடனேயே எழுதலாம் என்பது நம் ஊர்ப் பிள்ளைகள் பலருக்கு இன்னும் எட்டாத செய்தி.

பெற்றோர்களே, "இந்தப் பிள்ளைக்கு மார்க் குறைவு, காமர்ஸில் போடுங்கள்" என்று தலைமையாசிரியர் அறையில் பிள்ளையின் காதுபடப் பேசாதீர்கள். அந்த ஒரு வாக்கியம் இரண்டு ஆண்டுகள் அதன் முதுகில் ஏறி உட்கார்ந்து கொள்கிறது. பெண் பிள்ளைகளின் பெற்றோர்க்குக் குறிப்பாகச் சொல்கிறேன். கணக்கு அறிந்த பெண் எந்த வீட்டிற்குப் போனாலும் அந்த வீட்டின் கடன் எவ்வளவு என்பதை அறிந்து வாழ்வாள். அறியாத பெண், கணவன் கண்மூடிய பிறகு கதவைத் தட்டுபவர்கள் வாயிலாக அதை அறிகிறாள்.

நிறைவாக, வணிகப் பெருமக்களிடமும் அறக்கட்டளையினரிடமும் மூன்று விண்ணப்பங்கள். முதலாவது, பதினோராம் வகுப்பு முடித்த வணிகப் பிரிவு மாணவர்கள் ஐந்தாறு பேருக்குக் கோடை விடுமுறையில் பத்து நாள்கள் உங்கள் கணக்கறையைத் திறந்து விடுங்கள். இரகசிய ஏடுகளைக் காட்ட வேண்டியதில்லை. ஒரு சரக்கு வந்து இறங்குவதிலிருந்து விற்றுப் பணமாவது வரை எந்தெந்தத் தாள் எழுதப்படுகிறது என்பதைப் பார்க்க விடுங்கள். உங்கள் கணக்கரைப் பக்கத்தில் இருந்து விளக்கச் சொல்லுங்கள். இரண்டாவது, இங்கே வழங்கப்படும் பரிசுகளுள் ஒன்றை மதிப்பெண்ணுக்கு அல்லாமல் ஏட்டுக்குக் கொடுங்கள். தன் வீட்டின் வரவு செலவையோ தன் தாத்தாவின் தோட்டக் கணக்கையோ ஓராண்டு விடாமல் எழுதி வந்த பிள்ளைக்கு அது உரியதாகட்டும். மூன்றாவது, அடித்தளத் தேர்வில் வெற்றி பெற்றும் பயிற்சிக் கட்டணம் செலுத்த வழியில்லாத ஒரு மாணவரையோ மாணவியையோ ஆண்டுக்கு ஒருவராக இவ்வறக்கட்டளை தத்தெடுக்கட்டும். அவர் காய் பொறுக்கும் தாயின் பிள்ளையாக இருந்தால் மிகவும் மகிழ்வேன்.

இம்மூன்றுக்கும் ஆகும் செலவு பெரிதன்று. முதல் விண்ணப்பத்திற்குப் பணமே தேவையில்லை. ஒரு நாற்காலியும் கொஞ்சம் பொறுமையும் போதும். அடுத்த ஆண்டு இதே விழாவில், எந்தப் பிரிவு எடுத்திருக்கிறாய் என்று நான் கேட்கும்போது, நம் பிள்ளைகள் நேராக நிமிர்ந்து "வணிகவியல், ஐயா" என்று சொல்ல வேண்டும் என்பது என் விருப்பம்.